கரிபூ வேட்டை: கைடுடன் போவதா, தனியே போவதா?

வட அமெரிக்காவில் வாழும் வாசகர்கள் கரிபூ மான் வேட்டைப் பயணம் பற்றி அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கட்டணங்களும் சீசன் தேதிகளும் மாறக்கூடியவை. பணம் கட்டும் முன் அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒன்டாரியோவில் கன காலமாக மான் வேட்டைக்குப் போய் வாறம். அடுத்த செப்டம்பரில் நாங்கள் நாலு பேர், எல்லாரும் கனேடியக் குடியுரிமை உள்ளவர்கள், அலாஸ்காவில் சின்ன விமானத்தில் போய் இறங்கி, கைடு இல்லாமல் கரிபூ வேட்டையாட விரும்புறம். முடியுமா? கியூபெக்கிலும் கிடைக்கும் என்று ஒரு நண்பர் சொல்லுறார்.
– ஸ்கார்பரோ வாசகர்

அலாஸ்காவில் முடியாது. அமெரிக்கக் குடிமக்கள் வேறு மாநிலத்திலிருந்து வந்தால் கரிபூவைக் கைடு இல்லாமல் வேட்டையாடலாம். வெளிநாட்டில் வாழும் வெளிநாட்டுக் குடிமக்களுக்கு அந்தச் சலுகை இல்லை. கரிபூ, மூஸ், கரடி என்று எந்தப் பெரிய விலங்கானாலும் உரிமம் பெற்ற கைடு கூடவே இருக்க வேண்டும். கட்டணமும் கூடுதல். அமெரிக்கக் குடிமகனுக்கு வேட்டை உரிமம் 160 டாலர், கரிபூ டேக் (ஒரு விலங்கை அடிக்கத் தனியாக வாங்கும் அனுமதிச் சீட்டு) 650 டாலர், மொத்தம் 810. உங்களுக்கு 630, 850 என்று 1,480 அமெரிக்க டாலர். துப்பாக்கியை எல்லை தாண்டிக் கொண்டுபோக அமெரிக்க அரசின் ‘படிவம் 6 என்.ஐ.ஏ.’ அனுமதி தனியாக வேண்டும். அதற்குச் சில மாதங்கள் முன்பே விண்ணப்பியுங்கள், அல்லது கைடிடமே துப்பாக்கியை இரவலாக வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

கியூபெக் பற்றி நண்பர் சொல்வது பழைய கதை. அங்கே ஜார்ஜ் ரிவர் என்ற கரிபூக் கூட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட மான்கள் இருந்தன. 2018 கணக்கெடுப்பில் சுமார் 5,500தான் மிஞ்சின. லீஃப் ரிவர் கூட்டமும் சரிந்தது. 2018 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து வடக்கு கியூபெக்கில் கரிபூ விளையாட்டு வேட்டை காலவரையின்றி மூடப்பட்டுவிட்டது. ஒன்டாரியோவில் சீசனே இல்லை.

உங்களுக்குப் பொருத்தமான இடம் நியூஃபவுண்ட்லாந்துத் தீவு. வேறு மாகாணத்தவர் அங்கே உரிமம் பெற்ற அவுட்ஃபிட்டர், அதாவது வேட்டைப் பயணம் நடத்தித் தரும் நிறுவனம், வழியாகத்தான் போக முடியும். உரிமத்தையும் அவர்களே ஏற்பாடு செய்வார்கள். அங்கிருப்பது காட்டுக் கரிபூ இனம். வடக்கே அலையும் தூந்திரக் கரிபூவைப் போல் நூற்றுக்கணக்கான கி.மீ. இடம் பெயர்வதில்லை, கொம்பும் அந்த அளவுக்கு நீளாது. அதனால் கேம்ப் இருக்கும் இடத்தில் மான் இருக்கும் வாய்ப்பு அதிகம். மூஸ் உரிமத்தையும் சேர்த்துத் தரும் பயணங்கள் உண்டு. இன்னொரு நன்மை, இறைச்சியை வீடுவரை கொண்டுவர முடிவது. டொரோண்டோவிலிருந்து சுமார் 2,000 கி.மீ. ஓட்டி நோவா ஸ்கோஷியாவின் நார்த் சிட்னியில் கார் கப்பல் ஏறினால் ஏழு மணி நேரம் சொச்சத்தில் போர்ட் ஓ பாஸ்க்கில் இறங்கலாம். நாலு பேருக்கு ஒரு பிக்கப்பும், பின்னால் ஒரு டிரெய்லரில் ஆழ்குளிர்ப் பெட்டியும் போதும். விமானத்தில் 200 கிலோ இறைச்சி கொண்டுவருவதைவிட இது எவ்வளவோ சுலபம்.

காசு இருந்து மலைக் கரிபூ வேண்டுமென்றால் வடமேற்குப் பிரதேசத்தின் மெக்கன்சி மலைகள் இருக்கின்றன. அங்கும் வெளியூர்க் கனேடியர்களுக்கு அவுட்ஃபிட்டர் கட்டாயம்.

நானும் என் தம்பியும் அமெரிக்கக் குடிமக்கள். டெக்ஸஸில் மான் வேட்டை அனுபவம் உண்டு, அலாஸ்கா புதிது. கைடு, அவுட்ஃபிட்டர், டிரான்ஸ்போர்ட்டர், ஏர் டாக்ஸி என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். விலையோ மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது. எதை எடுப்பது?
– டாலஸ் வாசகர்

முதலில் சட்டத்தைப் புரிந்துகொள்ளுங்கள், விலை வித்தியாசம் தானாகப் புரியும். கைடு என்பவர் மாநில உரிமம் பெற்றவர். மானைத் தேடலாம், பதுங்கி நெருங்க உதவலாம், உரிக்கலாம், சுமக்கலாம். டிரான்ஸ்போர்ட்டருக்கும் உரிமம் உண்டு. ஆனால் அவர் வேலை உங்களையும் சாமானையும் இறைச்சியையும் ஏற்றி இறக்குவது மட்டுமே. ‘அதோ அந்தப் பள்ளத்தில் நிற்கிறது, இப்படிச் சுற்றிப் போங்கள்’ என்று அவர் வேட்டையில் கூட வந்து உதவினால் அது சட்டமீறல். ஏர் டாக்ஸி என்பது எல்லாப் பயணிகளுக்குமான வாடகை விமானம். வேட்டைக்காரர்களிடம் தனியாகக் கூடுதல் கட்டணம் வாங்கவோ வேட்டைப் பயணம் என்று விளம்பரம் செய்யவோ அதற்கு உரிமை இல்லை.

அவுட்ஃபிட்டர் என்ற சொல்லில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டென்ட், அடுப்பு, படுக்கை எல்லாம் நகரில் வாடகைக்கு எடுத்து நீங்களே கொண்டுபோனால் பிரச்சினை இல்லை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு வேட்டைக்களத்தில் கேம்ப் அமைத்துத் தருவதற்கு அலாஸ்காவில் கைடு உரிமம் வேண்டும். ‘நாங்கள் டிரான்ஸ்போர்ட்டர்தான், ஆனால் டென்டும் சமையல் சாமானும் அங்கேயே போட்டு வைத்திருப்போம்’ என்று ஒருவர் சொன்னால் அவருடைய உரிமம் எந்த வகை என்று கேளுங்கள். உரிம எண்ணை வாங்கி, மாநிலத் தொழில் உரிமப் பிரிவின் இணையப் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

கைடு எடுத்தால் மான் நிச்சயம் என்று நினைக்காதீர்கள். இடம்பெயரும் கரிபூ கைடு இருக்கிறாரா என்று பார்த்து வருவதில்லை. பனி தாமதித்தால் கூட்டமும் தாமதிக்கும், காற்று மாறினால் வழியும் மாறும். கைடுக்குக் கொடுக்கும் பணம் உண்மையில் மூன்று வேலைகளுக்கு: கேம்ப் நடத்துவது, தூரத்தில் தெரியும் மானில் எது நல்ல ஆண் என்று கணிப்பது, அடித்த பிறகு உரித்துச் சுமப்பது. இந்த மூன்றையும் உங்களால் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. நன்கு வளர்ந்த ஆண் கரிபூ 160 முதல் 180 கிலோ இருக்கும். மரமே இல்லாத இடத்தில், மழையில், தொங்கவிட வசதியின்றி, தரையில் கிடக்கும் அந்த உடலை இருவர் மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். டெக்ஸஸில் மானை டிரக்கில் ஏற்றிக் கறிக்கடையில் இறக்கிப் பழகியவர்களுக்கு இது முற்றிலும் வேறு வேலை. அங்கே அடுத்த சீசனில் ஒரு மானையாவது வயிற்றைக் கிழிக்காமல், தோலை நீக்கி, நான்கு தொடைகளையும் முதுகுக்கறியையும் தரையிலேயே பிரித்துப் பழகுங்கள். பிறகு பத்து இரவு டென்டில், மழை நாட்களில், இருந்து பாருங்கள். இரண்டும் கைவந்தால் நீங்கள் டிரான்ஸ்போர்ட்டரை எடுக்கலாம். முழங்கால் வலி, முதுகு வலி இருந்தால் கைடுதான் சரி. பழுப்புக் கரடி, மலைச்செம்மறி, மலையாடு ஆகியவற்றையும் சேர்த்து வேட்டையாட நினைத்தாலும் வெளிமாநிலத்தவருக்குக் கைடு கட்டாயம். அலாஸ்காவில் வாழும் நெருங்கிய உறவினர் கூட வந்தால் மட்டும் விலக்கு.

ஒரு விதியை மறக்கவே கூடாது. சின்ன விமானத்தில் பறந்த அன்று வேட்டையாடக் கூடாது, மறுநாள் அதிகாலை 3 மணிக்குப் பிறகே தொடங்கலாம். இறங்கும்போது கண்ணெதிரே கூட்டம் மேய்ந்தாலும் துப்பாக்கி உறைக்குள்ளேயே இருக்கட்டும். பயண நாட்களைக் கணக்கிடும்போது முதல் நாளை வேட்டை நாளாகச் சேர்க்காதீர்கள்.

ஒரு நிறுவனம் ‘90 சதவீத வெற்றி’ என்று விளம்பரம் செய்கிறது. முன்பணம் பாதி கேட்கிறார்கள். கட்டலாமா?
– நியூ ஜெர்சி வாசகர்

நிறுவனத்தைப் பார்ப்பதற்கு முன் மான் கூட்டத்தைப் பாருங்கள். அவர்கள் எந்தக் கூட்டத்தை நம்பி வேட்டை நடத்துகிறார்கள்? அதன் பெயர் என்ன, கடைசிக் கணக்கெடுப்பு எவ்வளவு? மேற்கு ஆர்க்டிக் கூட்டம் 2003இல் சுமார் 4,90,000. 2023இல் 1,52,000. தென்மேற்கில் முல்சாட்னா கூட்டம் 1990களின் பிற்பகுதியில் 2 லட்சம் இருந்து, பதினாயிரங்களுக்கு இறங்கி, 2021 முதல் வேட்டை மூடப்பட்டது. ஐந்து வருடத்துக்கு முந்தைய புகைப்படங்களில் கொம்புகள் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இன்றைய கூட்டத்தைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. அலாஸ்கா மீன்-வேட்டைத் துறையின் அந்தந்தப் பகுதி உயிரியலாளரைத் தொலைபேசியில் அழைத்தால் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். பலர் இதைச் செய்வதே இல்லை.

அடுத்து அந்த 90. எதை வெற்றி என்கிறார்கள்? மான் கண்ணில் பட்டதா, சுடும் தூரத்தில் வந்ததா, வீட்டுக்கு வந்ததா? எந்த ஆண்டுக் கணக்கு? கடந்த மூன்று ஆண்டுகளை ஆண்டுவாரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். மான் கிடைக்காமல் திரும்பியவர்கள் இருவரின் தொடர்பும் கேளுங்கள். கிடைத்தவர்கள் எல்லோரும் நல்லதாகத்தான் சொல்வார்கள். கிடைக்காதவர் ‘ஆனாலும் மறுபடி அவர்களோடு போவேன்’ என்று சொன்னால் அந்த நிறுவனத்தை நம்பலாம்.

முன்பணம் பாதி கேட்பது இந்தத் தொழிலில் சகஜம். கேட்க வேண்டியது திரும்பத் தருவது பற்றி. அரசு சீசனை மூடினால் பணம் திரும்புமா, அடுத்த ஆண்டுக்கு மாற்றுவார்களா, அல்லது போனது போனதா? கியூபெக்கில் சீசன் மூடும் அறிவிப்பு 2016 டிசம்பரில் வந்தது, அமலானது 2018இல். எல்லா மூடலும் இப்படி ஓராண்டு அவகாசம் தந்து வராது. எழுத்தில் இல்லாத வாக்குறுதியைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

டிரான்ஸ்போர்ட்டராக இருந்தால் கேள்விகள் வேறு. இறக்கிவிட்ட பள்ளத்தாக்கில் மான் இல்லையென்றால் வேறிடம் மாற்றுவார்களா, அதற்கு மணிக்கணக்கில் கட்டணமா? அதே பள்ளத்தாக்கில் இன்னும் எத்தனை குழுக்களை இறக்குவார்கள்? இறைச்சியை இடையில் வந்து எடுத்துப்போவது தொகைக்குள் அடங்குமா? இறக்கும் நிலம் மாநிலத்துடையதா, கூட்டாட்சி அரசுடையதா, பழங்குடி நிறுவனங்களுடையதா? 1971ஆம் ஆண்டின் சட்டத்தின்படி பழங்குடி நிறுவனங்களுக்கு வழங்கப்பட்ட நிலம் தனியார் நிலம், அனுமதியின்றி நுழைய முடியாது. கூட்டாட்சி நிலங்களில் உள்ளூர் மக்களின் உணவு வேட்டைக்கு முன்னுரிமை உண்டு, மற்றவர்களுக்குச் சில பகுதிகள் அவ்வப்போது மூடப்படும். இதற்கெல்லாம் வரைபடத்தை விரித்துப் பதில் சொல்லத் தெரியாத ஆளிடம் பணம் கட்ட வேண்டாம்.

வடமேற்கு அலாஸ்காவின் கிராம மக்கள் கூட்டத்தின் முன்னோடி மான்களைத் தொந்தரவு செய்யாமல் போகவிடுவார்கள். முன்னே போவது வழி அமைக்கும், பின்னே வருவது அதே வழியில் நடக்கும். விமானத்தில் வந்து இறங்குபவர்கள் முதல் மானையே அடித்துக் கூட்டத்தைத் திருப்பிவிட்டால், ஆற்றங்கரையில் குளிர்காலக் கறிக்காகக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு அது பெரிய இழப்பு. இந்த மரியாதையைத் தானாக எடுத்துச் சொல்லும் டிரான்ஸ்போர்ட்டர் கிடைத்தால் அவரைத் தேர்ந்தெடுங்கள்.

விமானச் செலவே இல்லாமல் காரிலேயே போய் வேட்டையாட அலாஸ்காவில் டால்டன் நெடுஞ்சாலை இருக்கிறதாமே?
– சியாட்டில் வாசகர்

இருக்கிறது. ஆனால் யூக்கான் ஆற்றுக்கு வடக்கே சாலையின் இரு பக்கமும் 5 மைல் அகலத்துக்குத் துப்பாக்கி வேட்டை தடை, வில் மட்டுமே. வில்லுக்கு வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். துப்பாக்கியோடு போனால் 5 மைல், அதாவது 8 கி.மீ., நடந்து கடந்த பிறகே சுடலாம். அந்தப் பட்டைக்குள் சாலையை விட்டு இறங்கி ஏ.டி.வி. போன்ற காட்டு மோட்டார் வண்டியை ஓட்டவும் கூடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எலும்பு நீக்கிய இறைச்சி 50 கிலோ என்றால் தனியாள் மூன்று நடை சுமக்க வேண்டும், கடைசியில் கொம்பும். மூன்று முறை சுமையோடு சாலைக்கு, இரண்டு முறை வெறுங்கையாகத் திரும்ப, மொத்தம் 40 கி.மீ. தரையோ மெத்தை போல் அமுங்கும் பாசி, கணுக்காலைப் பிரட்டும் புல்முடிச்சுகள். மணிக்கு ஒன்றரை கி.மீ. நடந்தாலே நல்ல வேகம். 26 மணி நேரத்துக்கு மேல் நடை. இறைச்சி அதுவரை கெடாமல் இருக்க வேண்டும், கரடியும் வரக் கூடாது. குறைந்தது மூன்று பேர் இல்லாமல் 8 கி.மீ.க்கு அப்பால் சுடாதீர்கள்.

சாலை 414 மைல், பெரும்பகுதி சரளை. கோல்ட்ஃபுட்டை விட்டால் டெட்ஹார்ஸ் வரை 240 மைலுக்குப் பெட்ரோல் கிடையாது. முழு அளவு ஸ்டெப்னி டயர் இரண்டு, கூடுதல் எரிபொருள், லாரி ஓட்டுநர்களோடு பேச சி.பி. ரேடியோ ஆகியவை அவசியம். வாடகைக் கார் நிறுவனங்கள் பல இந்தச் சாலைக்கு அனுமதிப்பதில்லை, ஒப்பந்தத்தைப் படியுங்கள்.

எச்1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா?
– சான் ஹோஸே வாசகர்

தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது விலக்குகளில் ஒன்று. ஆகவே முதலில் உரிமம், பிறகுதான் துப்பாக்கியைத் தொடுவது. கைடு விதியில் உங்களை எந்த வகையில் சேர்ப்பார்கள் என்பதை அலாஸ்கா மீன்-வேட்டைத் துறையிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் வாய்வார்த்தையை நம்பிப் போகாதீர்கள்.

எந்த வாரம் நல்லது?
– சிகாகோ வாசகர்

ஆகஸ்ட் கடைசி வாரம் முதல் செப்டம்பர் முதல் பதினைந்து நாட்கள். அதற்கு முன் கொசுவும் ஈயும் வெயிலும் இறைச்சிக்கு எதிரி. கொம்பின் மேல்தோல் உரிவதும் இந்த நாட்களில்தான். செப்டம்பர் பின்பாதியில் வடக்கே ஏரிகள் உறையத் தொடங்கும், மிதவை விமானம் இறங்க முடியாது. அக்டோபர் நெருங்க நெருங்க இணைசேரும் பருவம் வந்து பெரிய ஆண்களின் கறியில் வீச்சம் ஏறிவிடும்.

இறைச்சியைக் கெடாமல் கொண்டுவருவது எப்படி? எவ்வளவு தேறும்? சட்டம் ஏதும் உண்டா?
– பிராம்ப்டன் வாசகர்

பயணத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. கைடோ தனிப்பயணமோ, இறைச்சி வெளியே வர வழி இல்லாத இடத்தில் சுடவே கூடாது.

ஒரு ஆண் கரிபூவில் எலும்பு நீக்கி 45 முதல் 60 கிலோ தேறும். அலாஸ்காவில் நான்கு தொடைகள், முதுகுக்கறி, உள்முதுகுச் சதை, கழுத்து, நெஞ்சு, விலாக்கறி எல்லாவற்றையும் எடுத்தே ஆக வேண்டும். விட்டுவந்தால் கடுமையான தண்டனை உண்டு. இறைச்சி முழுவதும் வெளியேறும் முன் கொம்பைக் கேம்புக்குக் கொண்டுபோகவும் கூடாது. சில பகுதிகளில் தொடையையும் விலாவையும் எலும்போடுதான் கொண்டுவர வேண்டும், அங்கே எடை கூடும். இரண்டு பேர், இரண்டு மான், சாமான் எல்லாம் சேர்ந்து 400 கிலோவைத் தொடும். பீவர் விமானம் பெரும்பாலும் ஒரே தடவையில் ஏற்றிவிடும். செஸ்னா 206 என்றால் இரண்டு தடவை. சூப்பர் கப் என்ற குட்டி விமானம் ஒரு தடவைக்கு ஒரு ஆளைத்தான் ஏற்றும். எந்த விமானம், எத்தனை தடவை, தடவைக்கு எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். மலிவு விலைப் பயணங்களில் கடைசி நாள் ரசீது எகிறுவது இங்கேதான்.

கெடுவதற்குக் காரணம் மூன்று: சூடு, ஈரம், ஈ. சுட்ட உடனே தோலை நீக்குங்கள். தொடைக்குள் எலும்பை ஒட்டித்தான் சூடு தங்கிப் புளிக்கும், அதனால் தொடைகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்காதீர்கள். மானுக்கு ஐந்தாறு பருத்தித் துணிப்பை அல்லது காற்றுப்புகும் செயற்கை இழைப்பை வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஒரே இரவில் வழவழத்துவிடும். மரமில்லாத இடத்தில் வில்லோக் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி மேடை செய்து அதன்மேல் பரப்புங்கள். மேலே தார்ப்பாய், ஆனால் இறைச்சியைத் தொடாமல், பக்கங்கள் திறந்து காற்றோட வேண்டும். ஒரு லிட்டர் நீரில் 60 கிராம் சிட்ரிக் அமிலத்தூள் கரைத்துத் தெளித்தால் மேற்பரப்பு புளித்தன்மை பெற்று ஈ முட்டையிடுவதும் பாக்டீரியா வளர்வதும் குறையும். மழையில் நனைந்தால் துடைத்து உலர்த்தி மறுபடி தெளியுங்கள். மேடை டென்டிலிருந்து 100 மீட்டர் தள்ளி, ஆனால் டென்டிலிருந்து கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கட்டும். கரடி வந்தால் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும்.

தோலுக்கடியில் வெள்ளைப் புழுக்கள் தெரிந்தால் பயப்படாதீர்கள். அவை வார்பிள் ஈயின் புழு, கறியைப் பாதிக்காது. ஆனால் மூட்டு வீங்கிய மானைக் கண்டால் சுடாதீர்கள், புருசெல்லா கிருமியாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். எந்த மானானாலும் கையுறை போட்டு உரியுங்கள், கறியை நன்றாக வேக வைத்தே சாப்பிடுங்கள்.

விமானி ஆளுக்கு 50 பவுண்டு சாமான்தான் என்கிறார். எதை விடுவது? கரடிக்கான மிளகுத் தெளிப்பானை எப்படிக் கொண்டுபோவது?
– அட்லாண்டா வாசகர்

மாற்று உடையை விடுங்கள், உணவை விடாதீர்கள். வானிலை மோசமானால் விமானி நாலைந்து நாள் வர முடியாமல் போகும். திட்டத்துக்கு மேல் நான்கு நாள் உணவு ஒவ்வொருவருக்கும் வேண்டும். ஊர் திரும்பும் டிக்கெட்டையும் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள். காற்று தாங்கும் நான்கு பருவ டென்ட், இடுப்புயர ரப்பர் பூட்ஸ், செயற்கைக்கோள் தகவல் கருவி ஆகிய மூன்றிலும் எடை மிச்சம் பிடிக்கக் கூடாது. இருவருக்கும் சேர்த்து ஒரே அடுப்பு, ஒரே தொலைநோக்கித் தாங்கி என்று பொதுவாக்கினால் பத்து பவுண்டு குறையும்.

மிளகுத் தெளிப்பானையும் அடுப்பு எரிவாயு டப்பாவையும் பயணிகள் விமானத்தில் எந்தப் பெட்டியிலும் வைக்க முடியாது. சின்ன விமானம் புறப்படும் ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள், கிடைக்குமா என்று முன்பே கேட்டு வையுங்கள். ஏறும்போது தெளிப்பான் இருப்பதை விமானியிடம் சொல்லிவிடுங்கள். அறைக்குள் அது கசிந்தால் அவரால் கண் திறந்து ஓட்ட முடியாது, அதனால் மிதவைக்குள்ளோ வெளிப்பெட்டியிலோ வைத்துக்கொள்வார். தோட்டாக்களைப் பெட்டியோடு 5 கிலோவுக்குள், பதிவுசெய்த சாமானில், தோட்டாவுக்கான பெட்டியில் வைக்கலாம். துப்பாக்கி பூட்டிய கடினப் பெட்டியில், குண்டில்லாமல், கவுன்டரில் அறிவித்த பிறகு.